பள்ளித் தேர்வுப் புள்ளிகளும் வாயுக் குழாயும்

ஒரு பொருளை அளந்து எண் ஒன்றைப் பெற்றுவிட்டால், அப்பொருளையே அறிந்துவிட்டதாகக் கொள்வது மக்கள் இயல்பு. ஒரு மாணவன் தேர்வில் 62 புள்ளி பெறுகிறான். மற்றொருவன் 65 பெறுகிறான். பின்னவனே கூடுதலாக அறிந்தவன் என்று உடனே முடிவு கட்டப்படுகிறது. அந்த மூன்று புள்ளி வேறுபாடு மாணவர்களிடத்தில் உள்ளதா, வினாத்தாளில் உள்ளதா, திருத்தியவர் கையில் உள்ளதா என்று கேட்போர் சிலரே.

இதே வினா சென்ற நூற்றாண்டின் வேதியியல் ஆய்வுக்கூடங்களிலும் எழுந்தது. வாயு வண்ணப்பிரிகை என்னும் கருவி, பொருள்களின் தன்மையைக் காட்டும் எண்களை ஆயிரக்கணக்கில் அள்ளிக் கொடுத்தது. அவ்வெண்கள் என்ன சொல்லுகின்றன என்பதை அறிய வேதியியல் மட்டும் போதவில்லை. புள்ளியியலின் துணை வேண்டியதாயிற்று. அத்துணையாக வந்த முறைகளுள் ஒன்று, பள்ளிப் பிள்ளைகளின் தேர்வுப் புள்ளிகளை ஆராய்ந்த அறிஞர்களிடையே வளர்ந்தது என்பது ஆசிரிய உலகம் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும். அதனுள் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது.

நிறத்தில் தொடங்கிய கலை

இக்கலைக்கு வித்திட்டவர் மிகயில் ஸ்வெட் என்னும் ருசியத் தாவரவியல் அறிஞர். 1872-ஆம் ஆண்டு இத்தாலியிலுள்ள அஸ்தி நகரில் பிறந்தவர். பச்சை இலையின் நிறம் ஒன்றா, பலவா என்பது அவர் ஆராய்ந்த பொருள். இலையிலிருந்து எடுத்த சாயத்தைச் சுண்ணத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அதன்மேல் கரைப்பானை மெல்ல விட்டார். சாயம் கீழே இறங்க இறங்க, பச்சையும் மஞ்சளுமாகத் தனித்தனி வளையங்கள் தோன்றின. ஒன்றென எண்ணிய நிறம் பல நிறங்களின் கூட்டு என்பது கண்முன் விளங்கிற்று. 1903-இல் வார்சா நகரில் இதுபற்றி விரிவுரை ஆற்றிய அவர், 1906-இல் வெளியிட்ட கட்டுரைகளில் இம்முறைக்குக் 'குரோமட்டோகிராபி' என்று பெயரிட்டார். நிறத்தால் எழுதுதல் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். ஸ்வெட் 1919-இல் மறைந்தார். அவருடைய முறை உலகில் பரவலாகக் கையாளப்பெற்றது அதற்குப் பின்னரே.

1941-இல் ஆர்ச்சர் மார்ட்டின், ரிச்சர்டு சிஞ்சு என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் இக்கலையைப் புதுப்பித்தனர். குழாயினுள் ஒரு திரவத்தை நிலையாக நிறுத்தி, மற்றொரு திரவத்தை அதன் வழியே ஓடவிட்டனர். ஓடுவது திரவமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, வாயுவாகவும் இருக்கலாம் என்று அக்கட்டுரையிலேயே எழுதிவைத்தனர். பத்தாண்டுக் காலம் அக்குறிப்பை எவரும் எடுத்துச் செய்து பார்க்கவில்லை. பின்னர் மார்ட்டினே ஏ. டி. ஜேம்ஸ் என்பாருடன் சேர்ந்து அதனைச் செய்து, 1952-இல் வெளியிட்டார். மார்ட்டினும் சிஞ்சும் முன்னைய ஆராய்ச்சிக்காக நோபெல் பரிசு பெற்றதும் அவ்வாண்டேயாகும்.

இதன் இயக்கம் எளியது. நீண்ட குழாய் ஒன்றில், எளிதில் ஆவியாகாத எண்ணெய் பூசிய நுண்ணிய மண்துகள்களை நிரப்புவர். அதன் வழியே நைட்ரசன் போன்ற ஒரு வாயு இடைவிடாது ஓடும். ஆராயவேண்டிய கலவையைச் சிறு துளியளவு முகப்பில் செலுத்தினால், அது ஆவியாகி வாயுவோடு செல்லும். எண்ணெயோடு உறவு மிகுந்த பொருள் அதனுள் கரைந்து, தங்கித் தங்கிச் செல்லும். உறவு குறைந்தது விரைந்து வெளியேறும். கடைத்தெருவில் நண்பர் பலரை உடையவன் நின்று நின்று போவதும், யாரையும் அறியாதவன் நேரே நடந்துவிடுவதும் போன்றது இது.

கருவியைத் திருப்பிப் பிடித்தல்

எண்ணெயை அறிந்துகொண்டு கலவையை ஆராய்வது இக்கருவியின் வழக்கமான பயன். சில அறிஞர்கள் இதனைத் திருப்பிப் பிடித்தனர். நன்கு அறிந்த ஆவிகளைச் செலுத்தி, குழாயிலுள்ள பொருளை ஆராய்ந்தனர். கடைத்தெருவில் செல்பவன் யார் யாரிடம் எவ்வளவு நேரம் நின்றான் என்று பார்த்து, அத்தெருவில் வாழ்வோரைப்பற்றி அறிவது போன்றது இம்முறை.

இதற்கு நம்பத்தக்க ஓர் அளவுகோல் வேண்டும். ஓர் ஆவி வெளியேற எடுக்கும் நேரம் குழாயின் நீளத்தையும் வாயுவின் வேகத்தையும் பொறுத்து மாறும். ஓர் ஆய்வுக்கூடத்தின் எண்ணை மற்றோர் ஆய்வுக்கூடம் பயன்படுத்த இயலாது. 1958-இல் சூரிச் நகரில் பணியாற்றிய எர்வின் கோவாட்ஸ் இக்குறையைத் தீர்த்தார். ஹெக்சேன் முதலிய எளிய ஐதரோகார்பன்களை ஏணிப்படிகளாக அமைத்தார். ஆறு கரியணுக்கள் கொண்ட ஹெக்சேனுக்கு 600, ஏழு கொண்ட ஹெப்டேனுக்கு 700 என்று எண் கொடுத்தார். வேறெந்தப் பொருளும் இப்படிகளில் எவ்விரண்டிற்கு இடையே வெளிவருகிறது என்று பார்த்து, மடக்கைக் கணக்கால் அதன் எண்ணைக் குறிக்கலாம். இதனைத் தங்கு குறியெண் எனலாம்.

ஸ்குவாலேன் என்னும் எண்ணெயில் பென்சீனின் தங்கு குறியெண் 653. கார்போவாக்ஸ் 20எம் என்னும் பொருளிலோ அது 975 ஆகிறது. பென்சீன் மாறவில்லை; அது கடந்து சென்ற பொருள்தான் மாறிற்று. ஆகவே 322 என்னும் வேறுபாடு கார்போவாக்ஸின் இயல்பைக் காட்டும் எண்ணாகும்.

1966-இல் ஜெர்மானிய அறிஞர் ரோர்ஷ்னைடர் இவ்வழியில் ஐந்து ஆவிகளைச் சோதனைப் பொருள்களாகத் தேர்ந்தெடுத்தார். 1970-இல் அமெரிக்க வேதியியலார் மெக்ரெனால்ட்ஸ் அதனை விரிவாக்கி, பத்து ஆவிகளைக்கொண்டு 226 திரவங்களை அளந்து அட்டவணை வெளியிட்டார். ஒவ்வொரு திரவத்திற்கும் பத்து எண்கள். மொத்தம் 2,260 எண்கள்.

எண்களின் குவியல்

இனி அவ்வட்டவணையில் சிலவற்றைக் காண்போம். பென்சீன், பியூட்டனால், பென்டனோன், நைட்ரோபுரோப்பேன், பிரிடின் என்னும் ஐந்து ஆவிகளுக்குரிய எண்கள் வரிசையாக வருமாறு:

எஸ்.இ.-30: 15, 53, 44, 64, 41. கூட்டுத்தொகை 217.

ஓ.வி.-1: 16, 55, 44, 65, 42. கூட்டுத்தொகை 222.

ஓ.வி.-17: 119, 158, 162, 243, 202. கூட்டுத்தொகை 884.

கியூ.எப்.-1: 144, 233, 355, 463, 305. கூட்டுத்தொகை 1,500.

கார்போவாக்ஸ் 20எம்: 322, 536, 368, 572, 510. கூட்டுத்தொகை 2,308.

ஐந்தையும் கூட்டிவரும் தொகையை அத்திரவத்தின் முனைவுத்தன்மைக்கு அளவாகக் கொள்வது வழக்கமாயிற்று. மூலக்கூறின் ஒருபுறம் நேர்மின்னும் மறுபுறம் எதிர்மின்னும் மிகுந்து நிற்பதே முனைவுத்தன்மை. கூட்டுத்தொகையைக்கொண்டு திரவங்களை முதலாவது, இரண்டாவது என்று நிரல்படுத்துவது, மொத்தப் புள்ளியைக்கொண்டு மாணவர்களை நிரல்படுத்துவதை ஒத்தது. அங்குள்ள இரு குறைகளும் இங்கும் உள்ளன.

முதற் குறை, சிறு வேறுபாட்டைப் பெரிதென மயங்குதல். எஸ்.இ.-30, ஓ.வி.-1 ஆகிய இரண்டின் தொகையும் 5 அலகு வேறுபடுகின்றன. இவ்விரண்டும் வெவ்வேறு தன்மையுடையனவா?

இரண்டாவது குறை, கூட்டுத்தொகை உள்வேறுபாட்டை மறைத்தல். கியூ.எப்.-1 கார்போவாக்ஸைவிட முனைவுத்தன்மையில் மிகக் குறைந்தது என்று தொகை கூறுகிறது. ஆயின் மூன்றாவது ஆவியாகிய பென்டனோனுக்கு அவை காட்டும் எண்கள் 355, 368 என ஏறக்குறைய ஒத்திருக்கின்றன. பியூட்டனால் என்னும் சாராயத்திற்கோ 233, 536 எனப் பெரிதும் விலகி நிற்கின்றன. கணக்கில் வல்லவனும் மொழியில் வல்லவனும் ஒரே கூட்டுத்தொகையில் முகம் தெரியாமல் மறைந்துபோவதை ஆசிரியர் அனைவரும் அறிவர்.

'மாணவன்' காட்டிய வழி

முதற் குறைக்கு மருந்து அரை நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்திருந்தது. டப்ளின் நகரில் கின்னஸ் மதுவடிப்பு நிறுவனத்தில் 1899-இல் பணிக்குச் சேர்ந்தவர் வில்லியம் கொசெட். வாற்கோதுமை முதலியவற்றின் தரத்தை நாலைந்து அளவுகளைக்கொண்டே தீர்மானிக்கவேண்டிய நிலை அங்கு இருந்தது. அக்காலப் புள்ளியியலோ அளவுகள் மிகுதியாக இருந்தால்தான் உறுதி கூறும். 1906-ஆம் ஆண்டு இலண்டன் சென்று கார்ல் பியர்சனிடம் பயின்ற கொசெட், சில அளவுகளே உள்ளபோது சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று கணக்கிடும் முறையைக் கண்டு 1908-இல் வெளியிட்டார். தம் பெயரை மறைத்து 'மாணவன்' என்னும் புனைபெயரில் எழுதினார். இன்றும் உலகம் அம்முறையை 'மாணவன் சோதனை' என்றே வழங்குகிறது.

இதன் கருத்து இதுதான்: ஒரு வேறுபாடு பெரிதா சிறிதா என்பதை அவ்வெண்ணை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடாது. ஒரே பொருளை மீண்டும் மீண்டும் அளந்தால் எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதோடு ஒப்பிட்டே சொல்லவேண்டும். ஒவ்வொரு தங்கு குறியெண்ணிலும் 2 அலகுப் பிழை நேரக்கூடும் எனக் கொள்வோம். பிழைகள் ஒன்றையொன்று சாராதவையாயின், ஐந்து எண்களின் கூட்டுத்தொகையில் நேரும் பிழை ஐந்தின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கி வருவது. அதாவது ஏறத்தாழ 4.5 அலகு. அத்தகைய இரு தொகைகளின் வேறுபாட்டில் பிழை ஏறத்தாழ 6.3 அலகு. ஆகவே 5 அலகு வேறுபாட்டைக் காட்டி, எஸ்.இ.-30 வேறு, ஓ.வி.-1 வேறு என்று வாதிட இடமில்லை. வேதியியலும் இதற்குச் சான்று கூறுகிறது. இரண்டும் மெத்தில் சிலிக்கோன் என்னும் ஒரே வகைப் பொருளே. வணிகப் பெயர்தான் இரண்டு.

இம்முறையில் 226 திரவங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் என்ன? ஒவ்வொரு திரவத்தையும் ஓர் ஊராகக் கருதி, அதன் எண்களை அவ்வூரின் இருப்பிடத்தைக் காட்டும் அளவுகளாகக் கொள்ளலாம். செங்கோண முக்கோணத்திற்குப் பிதாகரஸ் கூறிய விதியை நீட்டி, எந்த இரண்டு ஊர்களுக்கும் இடைத்தூரத்தைக் கணக்கிடலாம். மேற்கண்ட ஐந்து எண்களைக்கொண்டு பார்த்தால், எஸ்.இ.-30க்கும் ஓ.வி.-1க்கும் இடைத்தூரம் 2.6 மட்டுமே. எஸ்.இ.-30க்கும் ஓ.வி.-17க்கும் இடையே அது 306, கார்போவாக்ஸுக்கோ 954. 1973-இல் லியரி, ஐசன்அவர் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் மெக்ரெனால்ட்ஸின் அட்டவணையை இவ்வாறு அண்மைத் தூரத்தால் ஆராய்ந்து, பன்னிரண்டு திரவங்களைப் பரிந்துரைத்தனர். 226 எங்கே, பன்னிரண்டு எங்கே! பெயர்கள் பெருகியிருந்தன, தன்மைகள் அவ்வளவு பெருகவில்லை.

பள்ளியிலிருந்து வந்த முறை

இரண்டாவது குறையைத் தீர்த்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1901-இல் கார்ல் பியர்சன், சிதறிக் கிடக்கும் புள்ளிகளினூடே மிகப் பொருத்தமான கோட்டையும் தளத்தையும் காணும் கணிதத்தை எழுதினார். 1904-இல் சார்லஸ் ஸ்பியர்மன் என்னும் ஆங்கில உளநூலறிஞர், பள்ளி மாணவர்கள் பழைய இலக்கியம், பிரெஞ்சு, ஆங்கிலம், கணக்கு ஆகிய பாடங்களில் காட்டிய திறனை ஒப்பிட்டார். ஒரு பாடத்தில் மேம்பட்டவர் பெரும்பாலும் மற்றவற்றிலும் மேம்பட்டிருந்தனர். இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு பொது ஆற்றல் இருப்பதாக அவர் முடிவு கூறினார். 1933-இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஹரோல்டு ஹோட்டலிங், பல எண்களுக்கு அடியில் நிற்கும் சில முதன்மைக் கூறுகளைப் பிரித்தெடுக்கும் முறையைச் செம்மையாக வகுத்தார். அக்கட்டுரை வெளிவந்தது ஒரு கல்வி உளவியல் இதழில். அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டவை பிள்ளைகளின் வாசிப்பும் கணக்கும் பற்றிய தேர்வுகள்.

நாற்பது ஆண்டுகள் சென்றபின், 1973-இல், சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்வாண்டெ வோல்டு தம் துணைவர் ஆண்டர்சனுடன் சேர்ந்து இம்முறையை மெக்ரெனால்ட்ஸின் அட்டவணைமேல் செலுத்தினார். மாணவர்களின் இடத்தில் திரவங்கள் நின்றன. பாடங்களின் இடத்தில் ஆவிகள் நின்றன. பத்து எண்களில் விரிந்து கிடந்த செய்தியின் பெரும்பகுதி மிகச் சில கூறுகளில் அடங்கிவிட்டது. எல்லா ஆவிகளையும் ஒருசேரப் பாதிக்கும் முதற் கூறு, பொதுவான முனைவுத்தன்மையைக் குறிப்பதாகக் கொள்ளப்பட்டது. எஞ்சிய சிறு கூறுகள், ஒரு திரவம் சில ஆவிகளுக்கு மட்டும் காட்டும் தனி உறவை வெளிப்படுத்தின. கூட்டுத்தொகையில் மறைந்திருந்த வேறுபாடு இவ்வாறு வெளிச்சத்திற்கு வந்தது. வேதியியலில் புள்ளியியலைக் கையாளும் துறைக்குக் 'கெமோமெட்ரிக்ஸ்' என்னும் பெயரை 1970-களின் தொடக்கத்தில் அமைத்தவரும் இவ்வோல்டே. 1974-இல் அமெரிக்க அறிஞர் புரூஸ் கோவல்ஸ்கியுடன் சேர்ந்து அத்துறைக்கென அனைத்துலகச் சங்கம் ஒன்றையும் அவர் தோற்றுவித்தார்.

பெயரிடுவதில் உள்ள இடர்

இவ்வரலாற்றின் உயிர்நிலை இனிமேல்தான் உள்ளது. கணக்கு ஒரு கூற்றைப் பிரித்துத் தரும். அதன் பெயரைத் தராது. 'முனைவுத்தன்மை' என்றோ 'பொது அறிவாற்றல்' என்றோ பெயர் சூட்டுவது மனிதரே. மேலும், எல்லா எண்களும் ஒன்றுசேர்ந்து ஏறி இறங்குமாயின், அனைத்தையும் தழுவிய ஒரு பெருங்கூறு கணக்கில் தோன்றியே தீரும். அது கணிதத்தின் விளைவு. அக்கூறு தோன்றியதனாலேயே அப்பெயருடைய ஒரு பொருள் உலகில் தனித்து இருக்கிறது என்று கொள்ளல் ஆகாது.

வேதியியலார் இவ்விடரைக் கடந்த விதம் கருதத்தக்கது. அவர்கள் பெயரோடு நின்றுவிடவில்லை. முனைவுத்தன்மை என்று ஒரே சொல்லால் வழங்கியதனுள், மின்முனைகளின் ஈர்ப்பு, ஐதரசன் பிணைப்பைக் கொடுக்கும் ஆற்றல், அதனை ஏற்கும் ஆற்றல் முதலிய பல உறவுகள் கலந்திருப்பதை ஆராய்ந்தனர். பிற்காலத்தில் மைக்கேல் ஆபிரகாம் முதலியோர் அவ்வுறவுகளுக்குத் தனித்தனி அளவுகளை அமைத்து, அவற்றை வேறு வகைச் சோதனைகளோடும் பொருத்திப் பார்த்தனர்.

மற்றுமோர் எடுத்துக்காட்டும் உண்டு. 1969-இல் ஸ்மித்ஸ்ரோட், கில்லட் என்னும் இருவர், குழாயினுள் எண்ணெய்க்குப் பதிலாகப் பலபடிப் பொருள் ஒன்றைப் பூசி, ஆவிகளைச் செலுத்தி அதன் இயல்பை ஆராய்ந்தனர். ரப்பரும் நெகிழியும் பலபடிப் பொருள் இனத்தைச் சேர்ந்தவை. இத்தகைய பொருள் குளிர்ந்து ஒரு வெப்பநிலையை அடையும்போது நெகிழ்ச்சி நீங்கிக் கண்ணாடிபோல் இறுகும். இயற்கை ரப்பருக்கு அது பூச்சியத்திற்குக் கீழே ஏறத்தாழ 70 பாகை. ஆவி தங்கும் அளவின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழ் எண்ணுக்கு எதிரே குறித்தால், புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் செல்லும். அந்நிலை வந்ததும் கோடு திசை மாறும். அத்திருப்பத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட, 1805-இல் லெஜாந்தர் வெளியிட்ட இழிவு வர்க்க முறையால் இருபுறமும் கோடு வரைந்து, பிழையையும் சேர்த்துக் கூறுவதே நேர்மை. இவ்வாறு கிடைத்த வெப்பநிலை சரியா என்பதை வெப்ப அளவு முறையாலும் கன அளவு முறையாலும் சோதித்துக்கொள்ளலாம். ஒரு வழியில் கிடைத்த விடைக்கு மற்றொரு வழி சாட்சி நிற்கிறது.

பள்ளிப் பிள்ளைகளின் செய்தி வேறாயிற்று. ஸ்பியர்மன் கண்ட கூற்றுக்கு 'அறிவாற்றல்' என்னும் பெயர் விரைந்து சூட்டப்பட்டது. அப்பெயரைச் சோதிக்கும் வேறு வழிகள் வளருமுன்பே, அதனை ஒட்டி எழுந்த தேர்வுகள் பிள்ளைகளின் வாழ்வைத் தீர்மானிக்கத் தொடங்கின. இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பின், பதினொரு வயதில் எழுதிய தேர்வைக்கொண்டு பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்தனுப்பும் வழக்கம் பரவிற்று. தேர்ச்சிக் கோட்டுக்கு ஒரு புள்ளி மேலே நின்றவன் ஒருவழி சென்றான்; ஒரு புள்ளி கீழே நின்றவன் மற்றொருவழி சென்றான். அவ்வொரு புள்ளி அளவையின் பிழைக்குள் அடங்குமா என்னும் கேள்விக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. 1965-இல் அரசாங்கம் இப்பிரிவினையைக் கைவிடுமாறு ஊராட்சிகளைக் கேட்டுக்கொண்டது. அதன்பின் பெரும்பாலான இடங்களில் அத்தேர்வு நீங்கியது; சில இடங்களில் இன்னும் நிலைத்திருக்கிறது.

ஒரே கணக்குமுறை. குழாயிலிருந்த எண்ணெய்க்கு அது நன்மை செய்தது. வகுப்பிலிருந்த பிள்ளைக்குச் சில வேளை தீங்கு செய்தது. குற்றம் கணக்கினுடையதன்று. எண்ணெயை மீண்டும் அளந்தனர், பிழையைக் கணக்கிட்டனர், சூட்டிய பெயரை வேறு சோதனையால் உரசிப் பார்த்தனர். பிள்ளையை ஒருமுறை அளந்து, பிழையை மறந்து, பெயரை நம்பிவிட்டனர். 62 புள்ளி பெற்றவனையும் 65 புள்ளி பெற்றவனையும் மேல் கீழ் என்று எழுதுமுன், ஓர் எண்ணெய்க்குக் காட்டப்பட்ட அந்தப் பொறுமையேனும் அவ்விருவருக்கும் காட்டப்படுதல் வேண்டும்.